கடைசி அத்தியாயம்

முடித்துவிட்டேன் என்று பொய் சொல்லித்தான்
மந்தாவுக்குக் கதையை ஆரம்பித்தேன்.
தமிழ் தெரியாது அவளுக்கு.
என் இந்தியில் ஆண்பாலும் பெண்பாலும்
எப்போதும் இடம் மாறி உட்காரும்.
இருந்தாலும் முலுண்டிலிருந்து தாதர் வரை
நாளுக்கு ஓர் அத்தியாயம்,
நின்றுகொண்டே,
யாரோ ஒருத்தியின் டிபன் பை விலாவில் இடிக்க.

உப்பளத்துக்குப் போன தங்கச்சி
திரும்பி வந்தாளா?
வெள்ளிக்கிழமை கேட்டாள்.
நான் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
தூங்கிப்போயிருந்தேன்.
வந்தாள் என்றேன்.
மழையில், செருப்பைக் கையில் பிடித்தபடி.
குர்லாக் கூட்டம் ஏறியதில்
மந்தா கண்ணைத் துடைத்தது
யாருக்கும் தெரியவில்லை.

பத்து நாள் போயிருக்கும்.
ஜன்னலோரம் நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தவள்
பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்கிறாள்:
கட்டாயம் படி,
கடைசியில் அவள் செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு...
யார் எழுதினது?
யாரோ மதராசி.

அன்றிரவு மிச்சத்தைப் படித்தேன்.
புத்தகத்தில் அவள் வரவில்லை.
உப்புதான் வருகிறது,
மூட்டை மூட்டையாக.

காலையில் மந்தாவின் கையில்
தடியாக ஒரு மராத்தி நாவல்.
நேற்றுதான் முடிச்சேன், கேளு என்றாள்.
அடையாளத்துக்குச் செருகிய பழைய ரயில் பாஸ்
பாதியில் நீட்டிக்கொண்டிருந்தது.