காணிக்கைப் பையில் ஒரு சீட்டு

எண்ணி முடித்தாயிற்று.
நாற்பத்தோராயிரத்து அறுநூறு ஷில்லிங்,
ஏலத்தில் போகாத ஒரு வாழைத்தார்,
முட்டை ஏழு. அதில் ஒன்றில் கீறல்.
பிறகு, பையின் அடித்தையலில் ஒட்டிக்கொண்டு,
வழவழத்த தாளில்
ஒரு பந்தயச் சீட்டு.

எட்டு ஆட்டங்கள்.
ஏழுக்கு நேரே பேனாவால் சரிக்குறி.
எட்டாவது, இன்று மாலை ஐந்து மணிக்கு.
ஜெயித்தால் முப்பத்தெட்டு லட்சம்.
பின்புறம், ஓடும் வண்டியில் எழுதியதுபோல்:
'கூரைக்கு. கர்த்தருக்கே.'

போதகர் கிடுடு அண்ணாந்து பார்த்தார்.
பீடத்துக்கு மேல் தகரம்,
ஜனங்களுக்கு மேல் நீலத் தார்ப்பாய்.
வனாலே மலை தன் மழையை
எப்போதும் எங்கள் பக்கமாகவே இறக்கிவைக்கும்.
"யார் போட்டது?" என்றார்.
குரலில் கோபம் இல்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிழித்துவிடலாம் என்றேன்.
கிழிக்கவில்லை.
கணக்கு நோட்டுக்குள் வைத்து மூடினேன்.
வேதத்துக்குள் வைக்க மட்டும்
கை வரவில்லை.

முப்பது வெள்ளிக்காசு திரும்பி வந்தபோது
அதைக் காணிக்கைப் பெட்டியில் போட
அந்த ஆசாரியர்களுக்கே கூசியது.
எனக்கோ, இந்தச் சபையின் பொருளாளர் நம்போசோவுக்கு,
முப்பத்தெட்டு லட்சத்துக்குத்
தகரம் எத்தனை தாள் வரும் என்று
மனக்கணக்கு ஓடியது. ஆணியோடு சேர்த்து.

ஆறரைக்கு மாலை ஜெபம்.
வந்தது ஒன்பது பேர்.
சாலைக்கு அந்தப் பக்கம் பந்தயக் கடை,
எங்களைவிட நிறைந்த சபை.
அங்கேயும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.
முழங்கால் போட்டேன்.
ஆண்டவரே, என்று தொடங்கினேன்.
அது எங்கே போய் நின்றது என்று சொல்லிவிடுகிறேன்:
நான் போகவே போகாத ஏதோ ஓர் ஆங்கில ஊரில்
ஈரப் புல்மேல் நிற்கும் ஒரு பையன்,
யாரோ ஒருத்தி பெற்று வளர்த்த கோல்காவலன்,
அவன் கால் வழுக்க வேண்டும்.
பெரிதாக ஒன்றுமில்லை.
சின்ன வழுக்கல். ஒரே ஒருமுறை.

சிலுவையடியில் சேவகர்களும்
இப்படித்தான் குனிந்திருப்பார்கள்.
மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு, தையலில்லாத அங்கி.
கிழிக்க மனமில்லை. சீட்டுப்போட்டார்கள்.
இத்தனை வருஷமும் அவர்களைக்
கல்நெஞ்சர் என்றே நினைத்திருந்தேன்.
நல்ல துணி வீணாகக்கூடாதே என்ற
வெறும் சிக்கனக்காரர்களாகவும் இருக்கலாம்.
ஒருமுறை நிமிர்ந்திருந்தால் போதும்.
நிமிரவில்லை.

எதிர்க்கடையில் ஓர் 'ஓ' எழுந்து
பாதியில் அணைந்தது.
பந்து கம்பத்தில் பட்டதாம். ஆட்டம் சமம்.
சீட்டு செத்தது.

முதலில் வந்தது துக்கம்.
நிம்மதி பிறகுதான் வந்தது,
அடக்கம் முடிந்து வரும் உறவுக்காரன்போல்
தலை சீவிக்கொண்டு.
ஜெபத்தை முடிக்காமலே
ஆமென் சொன்னேன்.

திங்கள் காலை வமிம்பி வந்தான்.
நடந்து.
போடா-போடா ஓட்டுகிறவன் நடந்து வந்து
நான் பார்த்ததே இல்லை.
செருப்பு விளிம்பெல்லாம் செம்மண்.
வண்டி எங்கே என்று கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
"கடவுளைக் கூட்டு சேர்த்தால்
தோற்க மாட்டேன் என்று நினைத்தேன், அக்கா."

அந்தக் கூட்டில் நானும் இருந்தேன்
என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"முட்டை இருக்கிறது, எடுத்துப் போ"
என்று வந்தது.

ஆறை எடுத்துக்கொண்டான்.
கீறல் விழுந்ததை எனக்கு வைத்துவிட்டான்.
அவன் சாலையைத் தாண்டுவதற்குள் மழை.
தார்ப்பாய் தொய்ந்து
நடுவில் ஒரு வயிறு வைத்தது.

நோட்டைத் திறந்தேன்.
'சீட்டு, ஒன்று' என்று எழுதினேன்.
தொகை என்ற பத்தியை விட்டுவிட்டேன்.
போட்டவர் என்ற இடத்தில்
இரண்டு பெயர்.