வந்த நோக்கம்

தைப் போயா. கடை பூட்டு.
கிழமை முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு முன்
வில்லை மாற்றி மாற்றி
"இது தெளிவோ, முந்தினது தெளிவோ"
என்று கேட்டுக் களைத்தவள்
இன்று என் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு
அராலிக்கு வந்தேன்.

வழுக்கையாறு.
ஆறென்று சொன்னால் வெளியூரார் சிரிப்பார்கள்.
ஆடியில் பெடியள் இதற்குள் விக்கெற் நடுவார்கள்.
மாரி பெய்து முடிந்த பிறகுதான்
தன் பெயர் அதற்கு ஞாபகம் வரும்.
இப்போது
கடலுக்குள் போவதா விடுவதா என்று
அணைக்கதவடியில் முழங்காலளவு நிற்கிறது.

வாசலில் தகரக் கொட்டில்.
கயிற்றில் கட்டிய பேனை.
பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம்,
வந்த நோக்கம்.

கை நின்றுவிட்டது.
இந்த நாலாவது கட்டத்தை
ஒரு காலம் எத்தனை மேசைகளில் நிரப்பினேன்.
செத்தவீடு. பல்லுக் கொதி. பரீட்சை.
உண்மையைக்கூடப் பொய்யின் கையெழுத்தில்தான்.

"பறவை பாக்க எண்டு போடுங்கோ பிள்ளை,"
காவலிருந்த சூசைதாசன் சொன்னார்,
"வேறென்ன, கொக்கே பிடிக்கப் போறியள்?"

பூநாரை வரவில்லையாம்.
அது பெரிய இடத்து ஆள்,
இந்தக் கையகல நீருக்கு வராது.
வந்திருந்தவை:
இரவல் கால்களில் நடப்பதுபோல
ஒவ்வோர் அடிக்கும் யோசிக்கும் பவளக்காலிகள்,
அகப்பை வாயால் அடிப்பிடித்ததைச் சுரண்டும்
கரண்டிவாயன் ஒன்று,
மதகில் செட்டை காயவிட்டு
சைக்கிளைப் பூட்டாமல் வந்தவன் மாதிரி
திரும்பித் திரும்பிப் பார்க்கும் நீர்க்காகம்.
தில்லை மரத்துக்குள் யாரோ இருமினார்கள்.
அதுவும் பறவைதானாம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன், தாயோடு.
முகத்தைவிடக் கண்ணாடியை முதலில் அறிந்தேன்.
கார்த்திகையில் நான் மாட்டிவிட்டது,
மைனஸ் மூன்று.
அன்று அழுதான்.

"அம்மா, சேறு ஓடுது," என்றான்.
"வா, வெயிலேறுது."
"ஓடிச்சுது. இப்ப நிக்குது."

இரவல் தூரக்கண்ணாடியைத் திருகினேன்.
சேறு.
இன்னும் திருகினேன்.
சேறு, சேறு, சிப்பி ஓடு.
பிறகு அந்தச் சேற்றில் ஒரு விரற்கடை
இரண்டு கால் முளைத்து
விறுக்கென்று ஓடி
திரும்பவும் சேறாகியது.

கழுத்தில் கறுப்பு வளையம் இருந்ததா?
இருந்தது போல.
இது தெளிவோ, முந்தினது தெளிவோ,
என்னை யார் கேட்பது.

வெளியே வரும்போது இன்னொரு கொப்பி. கண்டவை.
பவளக்காலி பதினாலு.
கரண்டிவாயன் ஒன்று. நீர்க்காகம் ஒன்று.
இருமல், என்று எழுதப்போய் விட்டேன்.

"அந்தச் சின்னனுக்கு என்ன பேர்?"
சூசைதாசனுக்கும் தெரியாது.
"ஒரு கோடு இழுத்துவிடுங்கோ,
அவைக்கு எண்ணிக்கைதான் வேணும்."

பெடியன் எட்டிப் பேனையைப் பறித்தான்.
கயிறு போதாமல் கொப்பியை இழுத்து
நாக்கைக் கடித்தபடி எழுதினான்:

சேறு – 1

சூசைதாசன் வாசித்தார். வெட்டவில்லை.
பக்கத்துக் கட்டத்தில் நேரம் போட்டார்,
ஒன்பது நாற்பது.