மிஞ்சி

இரண்டாயிரத்துத் தொண்ணூறில் உலகம் அழிந்துவிட்டது.
குட்டம் தேரியில் ஒரு வாரமாக
நாங்கள் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம்.
ஒரு கேமரா.
கல்யாண வீட்டிலிருந்து கழற்றி வந்த ஜெனரேட்டர்.

தயாரிப்பாளர் கொம்பையா பந்தல் காண்டிராக்டர்.
ஆகவே அழிந்த நகரம் முழுக்கத் தார்ப்பாய்.
ஆகவே பேய்களின் அரசன் உட்கார்ந்தது
முதுகில் கடைப்பெயர் எழுதிய பிளாஸ்டிக் நாற்காலி.
செம்மண் பூசி மறைத்தோம்.
அரசனின் வியர்வையில் அது மறுபடி தெளிந்தது,
செல் நம்பரோடு.

தூரத்தில் காற்றாலைகள் சுற்றின.
நிறுத்தச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?
"சுத்தட்டும்ல" என்றான் இயக்குநர் பலவேசம்.
"மனுசன் செத்தபெறவும் அது சுத்தத்தான செய்யும்."
படத்திலேயே நல்ல வசனம் அதுதான்.
படத்தில் அது இல்லை.

நான் முப்பிடாதி.
வள்ளியூரில் பி.டி. டீச்சர், கராத்தேயில் கறுப்புப் பட்டை.
நாளுக்கு எண்ணூறு ரூபாய்க்குப் பேய்.
முகத்தில் கோலமாவும் விளக்கெண்ணெயும்.
வெள்ளை லென்ஸ் ஒன்றுதான் வாங்கினார்கள்,
ஆகவே ஒற்றைக்கண் பேய்.
பேய்க்குப் பாதம் கிடையாது, காட்டாதீங்க என்று
சேலையில் இரண்டு முழம் ஒட்டுத் தைத்தார்கள்.

கதாநாயகன் கொம்பையாவின் மச்சினன் ஆதிலிங்கம்.
பூமியில் மிஞ்சின ஒரே மனுசன்.
முழங்காலுக்கு மேல் அவருக்குக் கால் எழும்பாது.
மூன்றாம் நாள் பலவேசம் என்னைத் தனியே கூப்பிட்டு
ஒரு காக்கிக் கால்சட்டையை நீட்டினான்.
"டீச்சர், இடுப்புக்குக் கீழ அவரும் நீங்கதான்."

அப்புறம் காலையெல்லாம் பேயாக நின்று அடிவாங்கினேன்.
மத்தியானம் அவராக நின்று
காலையில் நான் நின்ற இடத்தை உதைத்தேன்.
வெறும் காற்று.
அந்தக் காற்றில் என் முகவாய்
எந்த உயரத்தில் இருந்ததென்று
எனக்குத்தானே தெரியும்.
ஒரு தடவையும் குறி தப்பவில்லை.

மணல் சுட்டது. நாயகனுக்கு பூட்ஸ் வாங்கக் காசில்லை.
உலகம் அழிந்தபோது பூட்ஸும் அழிந்துவிட்டதாகக்
கதையைத் திருத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் நடுச்சண்டையில்
இருநூறு செம்மறி உள்ளே புகுந்தது.
யாரும் கட் சொல்லவில்லை.
பின்னால் வந்த ஆட்டுக்காரர்
என் ஒற்றை வெள்ளைக்கண்ணை ஒரு நிமிஷம் பார்த்தார்.
"தண்ணி இருக்காம்மா?"
பேய் தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது.
அதுவும் படத்தில் இருக்கிறது.
ஒரே மனுசன்தானே மிஞ்சினான், இவர் யார் என்று
இன்றுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஓசை சேர்க்கப் பாளையங்கோட்டையில் ஓர் அறை,
ஜன்னலுக்கு ஈரச்சாக்கு.
எலும்பு ஒடிய முருங்கைக்குச்சி,
கழுத்து முறியப் பனங்கிழங்கு.
முறித்த கிழங்கை அங்கேயே தின்றோம்.
பேயின் சாவு அலறலுக்கு மட்டும்
என் குரல் வேண்டாமென்றுவிட்டான் பலவேசம்.
அசெம்பிளியில் அதட்டுகிற மாதிரி இருக்கிறதாம்.

தியேட்டர் எதுவும் எடுக்கவில்லை.
ராதாபுரம் பக்கம் ஒரு கொடையில்
கொம்பையா தன் பந்தலிலேயே திரை கட்டினார்.
வில்லுப்பாட்டு முடிந்து, சாமபூசைக்கு முன்னால்.
பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.
சுண்டல் கொறித்தபடி என் வீட்டுக்காரர்,
"ஆதிலிங்கம் என்னமா உதைக்கான் பாரேன்" என்றார்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசி உதை.
பலவேசத்துக்குப் பிடித்த வேகத்தில்,
அதாவது நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில்,
பூமியில் மிஞ்சின ஒரே மனுசனின் பாதம்
திரை முழுக்க எழும்பி வந்தது.
செம்மண் அப்பிய இரண்டாம் விரலில்
வெள்ளி மிஞ்சி.

படம் வெட்டினவன் பார்க்கவில்லை.
கொம்பையா பார்க்கவில்லை.
பக்கத்தில் சுண்டல் தாள் கசங்கியது.

முன்வரிசையில்
என் ஏழாம் வகுப்பு பிரமசக்தி மட்டும்
திரையை விட்டுத் திரும்பி
என் காலைப் பார்த்தாள்.

இழுத்துக்கொள்ளவில்லை நான்.

திரையில் என் முகவாய் வந்து அதில் மோதியது.
முருங்கைக்குச்சி ஒடிந்தது.