நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பெருவிரல்

இந்த வாரம் எங்கள் தெருவுக்கு
இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மின்சாரம்.
ஆறு மாடியும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைக்கிற இரைச்சலில்
எல்லாரும் முதலில் சோற்றுக்கலத்தைச் செருகுகிறார்கள்.
நான் போனை.
பதினேழு சதவீதம்.
ஒரு அத்தியாயத்துக்குக் காணும்,
சின்ன அத்தியாயமாக இருந்தால்.

பகலில் உளுந்துக் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன்.
அடையாள அட்டையில் மா தீதா வின்.
கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பூங்காவனம்.
படிக்கும்போது யாரென்று யாரும் கேட்பதில்லை.

ஈப்போவிலிருந்து முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய நாவல்.
மூன்று இரவு இறங்கியது.
தொண்ணூற்றாறில் அறுந்து
மறுபடி பூஜ்யத்திலிருந்து.
அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கம் இல்லை.
துதிக்கை தூக்கிய பழைய லை, பழைய னை;
ஒரு சொல்லைத் தேடச் சொன்னால்
போன் கைவிரிக்கிறது,
அதற்கு இது வெறும் படம்.

பசுண்டாங் முனையில் ஒருநாள் நிறுத்தினார்கள்.
என் தங்கை மகன் வயசிருக்கும்.
போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன்
இதில் நின்றுவிட்டான்.
அவன் எழுத்தும் சுழிதான், இதுவும் சுழிதான்,
ஒன்றும் புரியவில்லை.
பிரார்த்தனையா என்றான்.
ஆமாம் என்றேன்.
அந்தப் பக்கத்தில் ஒருத்தி
வட்டிக்காரனிடம் புருஷன் ஊரில் இல்லை என்று
சாதித்துக்கொண்டிருந்தாள்.
கும்பிட்டுத் திருப்பித் தந்தான்.

நூற்றுப் பன்னிரண்டில் துறைமுகம்.
‘வருகிறாயா’ என்று அவன் கேட்கிறான்.
அவள் பதில் இருக்கிற இடத்தில்
ஒரு பெருவிரல்.
பக்கத்தை அழுத்திப் பிடித்துப் படமெடுத்தவருடையது.
நகத்தைச் சுற்றி மை, அவசரக்காரர்.
பெரிதாக்கினால் விரல்தான் பெரிதாகிறது.
நூற்றுப் பதின்மூன்றில் மழை.
அதற்கடுத்து வேறு ஊர், வேறு ஆட்கள்,
அவளைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

எரிச்சலில் முன்னும் பின்னும் தள்ளியபோதுதான்
அந்த முத்திரை. முட்டை வடிவம், மங்கல் ஊதா.
தமிழர் படிப்பகம், மொகல் வீதி, இரங்கூன்.
வரிசை எண் அறுநூற்று நான்கு. 1937.

என் ஆபீசிலிருந்து பத்து நிமிட நடை.

இங்கிருந்த புத்தகம்
நடந்து போனதா, கப்பலேறியதா,
எதை இறக்கி வைத்துவிட்டு
இதைத் தூக்கிக்கொண்டார்கள்,
அரிசியையா, அண்டாவையா?
போய் யாரோ ஒருவர் பரணில் கிடந்து,
ஒரு மைவிரலில் மாட்டி,
மூன்று இரவு அறுந்து அறுந்து
திரும்பி வந்திருக்கிறது,
என் படுக்கைக்கு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போனேன்.
அந்த இலக்கத்தில் போன் சாமான் கடை.
உறை, கண்ணாடி, காதுக்கருவி.
இங்கே முன்னால் என்ன இருந்தது என்றேன்.
முன்னாலும் போன் கடைதான் அக்கா, என்றான்,
வேறு ஆள் வைத்திருந்தார்.
நின்றுவிட்டோமே என்று ஒரு பவர் பேங்க் வாங்கினேன்.
பேரம் பேசினேன். அட்டைப்பெட்டியை அவனே வைத்துக்கொண்டான்.

அதன் தயவில்
நேற்று ஒரு மணிக்கு மேலும் படித்தேன்.
ஊரே இருட்டு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால்
பெருவிரலின் இடப்பக்கம், ஓரத்தில்,
பென்சிலில் ஏதோ.
முத்திரைக் காலத்துப் பென்சிலாகத்தான் இருக்க வேண்டும்.
ஒரு சொல், அடியில் இரண்டு கோடு:
பொய்.

அவள் சொன்னது எனக்குத் தெரியாது.
ஆனால் அது பொய் என்று
பத்து நிமிட நடைத் தூரத்தில் இருந்து
ஒரு ஆள் கத்துகிறார்.

நீர் என்ன கண்டீர் என்று
பக்கத்திலேயே எழுத விரலை வைத்தேன்.
இந்தக் கோப்பில் எழுத அனுமதி இல்லை என்றது போன்.

எழுந்து, தடவி,
உளுந்துக் கணக்கு நோட்டை எடுத்தேன்.
கடைசித் தாளில்:
ப. 112. பொய் இருக்காது.
கேட்ட நேரத்தில் அவளுக்கே தெரிந்திருக்காது.

நாளைக்கு முதலாளி பார்த்தால்
பழைய பாக்கி என்று சொல்லிக்கொள்ளலாம்.