நான்கு பாகை, சொச்சம்

பிரெத்தோன் கடலோரம். பெயர்ப்பலகையில்
பாதி எழுத்தை உப்பு தின்றுவிட்ட ஊர்.
கோயிலைப் படுத்திருக்கும் மனிதனாகப் பார்க்கச் சொல்கிறார்கள்:
மேற்கு வாசல் பாதம்,
குறுக்குக்கூடம் விரிந்த கைகள்,
பீடம் இருக்குமிடம் தலை.

முக்காலியில் லேசரை நிறுத்துகிறேன்.
சிவப்புப் புள்ளி பாதத்தில் புறப்பட்டு
நெஞ்சைக் கடந்து
தலைக்குப் போகாமல்
தெற்குச் சுவரில், தீயணைப்புக் குடுவையின் மேல்
போய் நிற்கிறது.

ஆடத் தெரியாதவள்தான் கூடம் கோணல் என்பாள்.
மூன்று முறை அளந்தேன்.
கூடம் கோணல்தான்.

“உயிர் விடும்போது வலப்பக்கம் சாய்ந்தது அந்தத் தலை.
அதைத்தான் கட்டியிருக்கிறார்கள்”
என்கிறார் மணியடிக்கும் ரிவால்.
சொல்லும்போது அவர் கழுத்தும்
லேசாகச் சாய்கிறது.

ஆவணக் காப்பகத்தில் கொத்தனார் கணக்கேடு
வேறு சொல்கிறது:
தெற்கே சேறு. கம்பம் இறக்கினோம், விழுங்கிற்று.
இன்னும் நாற்பது இறக்கினோம், விழுங்கிற்று.
பாறை வடக்கே.
அடுத்த வரியில் ரொட்டி, ஆப்பிள் மது,
செத்துப்போன எருதின் விலை.

படியெடுத்த தாளை ரிவாலிடம் நீட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.
“சேற்றுக்கும் ஓர் எண்ணம் இருந்திருக்கும்.”
பிறகு,
“கூரை ஒழுகுவதையும் எழுதிக்கொள்.”

பிற்பகல் ஒரு சவ அடக்கம்.
கருவியை மடக்கித் தூணோரம் ஒதுங்கினேன்.
சிப்பி வளர்த்த எனோரா கெர்வெல்லா,
எண்பத்தொரு வயது, ஆறு பேர் தோளில்.
செருப்புகளில் இன்னும் கடல்மணல்.

ஆறாவது தூண் வந்ததும்
யாரும் எதுவும் சொல்லவில்லை,
இடப்பக்க மூவர் அடியைக் குறுக்கினார்கள்
வலப்பக்க மூவர் எட்டி வைத்தார்கள்.
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல்
பெட்டி திரும்பிற்று.
உள்ளே அவள் தலையும்
ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

தலைசாய்க்க இடமின்றி அலைந்தவர் என்பார்கள் அவரை.
பாறை
கொஞ்சம் வடக்கே இருந்திருக்கிறது.

அறிக்கையில் ஒரு கட்டம்: விலகலுக்குக் காரணம்.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றேன்.
மேலே ரிவால் கயிற்றை இழுக்க
தூசியோடு ஒரு சொட்டு நீர்
படிவத்தில் விழுந்து மை கலங்கியது.
அதற்குக் கீழே எழுதினேன்:
கூரை ஒழுகல், நான்கு இடங்களில்.
அழித்து
ஐந்து என்று திருத்தினேன்.