நீர்நிலை: இல்லை

படிவத்தின் பதினான்காம் பத்தியில்
ஒரு கட்டம்:
ஐந்நூறு மீட்டருக்குள் நீர்நிலை உண்டா?
சித்திரை இருபதாம் தேதி
நரிப்பள்ளத்தின் நடுவில் நின்றுகொண்டு
இல்லை என்று எழுதினேன்.

பொய்யில்லை.
சேர்வராயன் அடிவாரம் முழுக்க மணல் கொதித்தது.
வார் அறுந்த செருப்பால் ஒரு கால் வெந்தது.
கருவி எட்டுச் செயற்கைக்கோளைப் பிடித்தது,
ஒரு சொட்டு ஈரத்தைப் பிடிக்கவில்லை.
கூட வந்த சடையப்பன் மட்டும்
எரிவாயுக் குழாய்க்கு நட்ட சிவப்புக் கொடியருகே குத்தவைத்து
கூழாங்கல் ஒன்றைப் புரட்டினார்.
அடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு
இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாள்கூலி எழுநூறு,
சொல்வதற்கு அதில் காசு சேர்க்கவில்லை.

முன்பு மூன்று பருவம் பார்ப்போம்.
கோடைக்கு ஒருமுறை, மழைக்கு ஒருமுறை,
பனியில் பல் கிட்டிக்க ஒருமுறை.
ஆடியில் கத்தாத தவளைக்கு
ஐப்பசி வரை தாளைக் காலியாக விட்டுவைப்போம்.
இப்போது விரைவு வழி.
ரயிலுக்கு இருப்பதுபோல்
மலைக்கும் வந்துவிட்டது தட்கல்.
ஒரு பருவம். முப்பது நாள்.
முப்பத்தோராம் நாளும் பதில் வராவிட்டால்
மௌனம் சம்மதம்,
பெண் பார்க்க வந்தவர்கள் வைத்துக்கொள்வது போல.

அஸ்தம்பட்டியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீஸ்.
மேலாளர் திலீபன் நல்லவர்தான்.
எனக்கும் ஒரு தட்டுவடை செட் வாங்கி வந்து
காரம் தலைக்கேற, கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:
"துறைமுகத்துல கப்பல் காத்துக் கிடக்குது செந்தாமரை.
ஒரு நாள் வாடகை என்ன தெரியுமா?"
தெரியாது.
சேலத்துக்காரி நான், கப்பலை அரிசி மூட்டையில் அச்சாகத்தான் பார்த்திருக்கிறேன்.
எனக்குத் தெரிந்தது வேறு கணக்கு:
மைனஸ் நூற்று அறுபத்திரண்டு டிகிரியில்
அறுநூறு பங்கு வாயு
ஒரு பங்கு திரவமாகச் சுருங்கும்.
பிறகு யாருடைய அடுப்புக்கும் அனுப்பலாம்.
நரிப்பள்ளமும் அப்படித்தான் சுருங்கியது
என் கையெழுத்தில், மூன்றெழுத்தாக.

எதிர்ப்பாளி இல்லை நான்.
காலை டீ சிலிண்டரில்தான் கொதிக்கிறது.
தம்பி வெல்டர், இந்தக் குழாய் வந்தால்
அவனுக்குப் பதினோரு மாதம் வேலை.
கோப்பு தூங்கினாலும் ஆள் சாவார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.
மலைமேல் ஒரு ஊருக்குச் சின்னப் பாலம்,
ஒன்பது வருஷம் மேசை மேசையாக உட்கார்ந்தது.
நிறைமாதக்காரியைத் தூளி கட்டி
மூங்கிலில் தூக்கி இறங்கினார்கள்.
பாதி வழியிலேயே
கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது.
அந்தக் கோப்புக்கு
யாரும் தட்கல் போடவில்லை.

ஆடி பதினெட்டுக்கு முன்பே அனுமதி வந்தது.
கேக் வெட்டினோம்.

ஐப்பசி, இரவு பதினொன்றரை.
நகரத்தில் தூறல்கூட இல்லை,
மலைப் பக்கம் மட்டும் வானம் வெட்டிவெட்டி இழுத்தது.
சடையப்பனிடமிருந்து போன்.
அலோ என்றேன். பதில் இல்லை.
போனை எதற்கோ நேராக நீட்டிப் பிடித்திருக்கிறார்.
முதலில் இரைச்சல் என்று நினைத்தேன்.
பிறகு அதற்குள் கல் உருள்வது கேட்டது,
கல்லுக்குப் பின்னால்
தாளில் இடம்பெறாத அத்தனை தவளையும்.

வைக்காமல், ஒரு கையால் கணினியைத் திறந்தேன்.
அறிக்கைத் திருத்தம் கோரும் படிவம்.
பரிசீலனைக் காலம்: தொண்ணூறு வேலை நாட்கள்.
விரைவு வழி: பொருந்தாது.
மாற்றத்துக்கான காரணம்?
மழை பெய்தது
என்று அடித்தேன்.
குறைந்தது இருநூறு எழுத்து வேண்டும் என்றது திரை.

போன் இன்னும் காதில்தான் இருந்தது.
கேட்கக் கேட்க
அடிக்கத் தொடங்கினேன்.