கடைமடை

காலையில் தோப்பைச் சுற்றி வருகிறேன்.
நூற்றுப் பன்னிரண்டு தென்னை. நேற்று ஒன்று விழுந்தது.

பதினோரு மணிக்கு தபால்காரர் சேவுகன்.
நான் இன்னும் அமைச்சர் என்று நம்பும் கடிதங்கள்:
கொட்டாம்பட்டிக்கு ஒரு பணிமாறுதல்,
ஒரு காதுகுத்து,
மகனுக்கு என் பெயர் வைத்துவிட்டு
கெசட்டில் மாற்ற வழி கேட்பவர்.
எல்லோருக்கும் பதில் போடுகிறேன்,
பழைய தாளில் பதவியை மட்டும் அடித்துவிட்டு.

போன மாதம் நானும் ஒன்று எழுதினேன்
உதவிப் பொறியாளருக்கு:
பேரணையில் திறந்த தண்ணீர்
மேலூர் தாண்டவில்லை, நாற்று வெளுக்கிறது.

இன்று வந்துவிட்டது.
‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’

கோட்டையில், ஒரு மழைநாளில்,
நான் சொல்லச் சொல்லத் தட்டச்சான வாக்கியம்.
ஒரு புள்ளி மாறவில்லை.

நல்ல சேதியா ஐயா, என்றார் சேவுகன்.

நல்ல தமிழ், என்றேன்.